ஓட்டியவர் உள்ளே, வண்டியைச் செய்தவர் வெளியே

அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் முதல் சாம்பியன் பட்டத்தை 1949இல் மூன்று பேர் சேர்ந்துதான் வாங்கினார்கள். காரை ஓட்டியவர் ரெட் பைரன். இரண்டாம் உலகப் போரில் இடது கால் சிதைந்தவர். கிளட்ச் பெடலோடு அந்தக் காலைப் பிணைத்து வைத்துக்கொண்டு பந்தயம் ஓட்டினார். காருக்குப் பணம் போட்டவர் அட்லாண்டாவைச் சேர்ந்த ரேமண்ட் பார்க்ஸ், கள்ளச்சாராயத்தில் சம்பாதிக்கத் தொடங்கி பிறகு முறையான தொழில்களுக்கு மாறியவர். காரைத் தயார் செய்தவர் ரெட் வோக்ட் என்ற மெக்கானிக். அந்த ஆண்டு நடந்தவை மொத்தமே எட்டுப் பந்தயங்கள். அவற்றில் இரண்டை வென்று பட்டம் வாங்கியது இந்தக் கூட்டணி.

வட கரோலினாவின் ஷார்லட் நகரில் இருக்கும் நாஸ்கார் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபம், பார்க்ஸை 2017ஆம் ஆண்டுத் தேர்விலும் பைரனை 2018ஆம் ஆண்டுத் தேர்விலும் சேர்த்துக்கொண்டது. வோக்டை 2026ஆம் ஆண்டுத் தேர்வு வரை சேர்க்கவில்லை. இத்தனைக்கும் 'நாஸ்கார்' என்ற பெயரையே சொன்னவர் அவர்தான். 1947 டிசம்பரில் டேடோனா பீச்சின் ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலில் பில் ஃபிரான்ஸ் கூட்டிய கூட்டத்தில், புதிய அமைப்புக்கு என்ன பெயர் வைப்பது என்ற பேச்சு வந்தபோது வோக்ட் சொன்ன பெயர்தான் கடைசியில் நிலைத்தது. பில் ஃபிரான்ஸும் அவரும் வாஷிங்டனில் சிறுவயதிலிருந்தே பழகியவர்கள். பெயர் வைத்தவரை விட்டுவிட்டு ஒரு மண்டபம் இத்தனை காலம் நடப்பது கொஞ்சம் விசித்திரம்தான்.

இந்தப் பந்தயம் நம்மூரில் ஃபார்முலா ஒன் அளவுக்குப் பழக்கமில்லை என்பதால் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டாக் கார் என்றால் ஷோரூமில் விற்கிற, தெருவில் ஓடுகிற கார். அதை அப்படியே பந்தயத்துக்கு எடுத்து வர வேண்டும் என்பதுதான் ஆரம்ப விதி. இன்று வெளித்தோற்றம் மட்டும்தான் கம்பெனிக் காரைப் போல இருக்கும், உள்ளே எல்லாம் பந்தயத்துக்கென்றே செய்தது. முட்டை வடிவத் தடங்களில், சரிவான வளைவுகளில், முப்பது நாற்பது கார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓடும். கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 2010இல் இதன் டிரக் பிரிவில் சில பந்தயங்கள் ஓட்டினார். அந்த ஆண்டு அந்தப் பிரிவில் ரசிகர்களின் அபிமான ஓட்டுநர் விருதும் அவருக்கே கிடைத்தது.

அதே 2010 மே மாதம்தான் ஹால் ஆஃப் ஃபேம் திறந்தது. கட்டடம் ஷார்லட் நகராட்சிக்குச் சொந்தம், பெயரும் ஆதரவும் நாஸ்காருடையவை. உள்ளே போனதும் பழைய கார்கள் வரிசையாக நிற்கும் ஒரு சாய்தளப் பாதை. தட்டையாகத் தொடங்கி, போகப்போகச் சரிந்து, டல்லடேகா தடத்தின் 33 டிகிரி வரை ஏறும். டிவியில் மட்டுமே பந்தயம் பார்த்தவர்களுக்கு அந்தச் சரிவை நேரில் பார்க்கும்போதுதான் கார் அதில் எப்படி ஒட்டிக்கொண்டு ஓடுகிறது என்ற கேள்வியே வரும்.

சண்டை முதல் ஆண்டிலேயே ஆரம்பித்துவிட்டது. முதலில் தேர்வான ஐவர்: நாஸ்காரை உருவாக்கிய பில் ஃபிரான்ஸ், அவர் மகன் பில் ஃபிரான்ஸ் ஜூனியர், ரிச்சர்ட் பெட்டி, டேல் ஏர்ன்ஹார்ட், ஜூனியர் ஜான்சன். டேவிட் பியர்சன் இல்லை! பெட்டி 200 பந்தயங்களை வென்றவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் ஓடியவற்றில் பாதிக்கும் குறைவாக, 574 பந்தயங்கள் மட்டும் ஓடி 105 வெற்றி எடுத்தவர் பியர்சன். மூன்று பட்டங்களும் உண்டு. ஐந்து இடத்தில் இரண்டை அப்பாவுக்கும் மகனுக்கும் கொடுத்துவிட்டு பியர்சனை வாசலில் நிறுத்தினால் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? மறு ஆண்டே அவரை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 'இது யாருடைய மண்டபம்' என்ற சந்தேகம் அப்போது விழுந்தது, இன்னும் முழுதாகப் போகவில்லை.

2020 வரை ஆண்டுக்கு ஐந்து பேர் என்று போய்க்கொண்டிருந்தது. 2021ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து அது மூன்றாகக் குறைந்தது. நவீன காலப் பட்டியலில் பத்துப் பேரைப் போட்டு இரண்டு பேர். முன்னோடிகள் பட்டியலில், அதாவது 60 ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் துறைக்கு வந்தவர்கள் பட்டியலில், ஐந்து பேரைப் போட்டு ஒருவர். முன்னாள் ஓட்டுநர்கள், அணி உரிமையாளர்கள், தட உரிமையாளர்கள், கார் கம்பெனிக்காரர்கள், பத்திரிகையாளர்கள், நாஸ்கார் அதிகாரிகள் எல்லோரும் கலந்த குழு வாக்களிக்கும். ரசிகர்களின் ஆன்லைன் வாக்கு எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு வாக்கு.

நவீன காலப் பட்டியலைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. ஜெஃப் கார்டன், டோனி ஸ்டூவர்ட், ஜிம்மி ஜான்சன் போன்றவர்களை யாரும் மறக்கப்போவதில்லை. பட்டமே வாங்காத மார்க் மார்ட்டின் 40 வெற்றிகளோடு உள்ளே இருக்கிறார். 2011இல் ஸ்டூவர்ட்டோடு புள்ளிகளில் சமமாக நின்று, வெற்றிகளின் எண்ணிக்கையில் பட்டத்தைப் பறிகொடுத்த கார்ல் எட்வர்ட்ஸும் 2025இல் வந்துவிட்டார். ஜெஃப் பர்ட்டன் வருவாரா, நீல் பானெட் வருவாரா என்று ஆண்டுதோறும் விவாதம் நடக்கும். இருவருமே நல்ல ஓட்டுநர்கள், என்றாவது ஒருநாள் வந்துவிடுவார்கள், அல்லது வராமலும் போகலாம். அதனால் வரலாறு ஒன்றும் மாறிவிடாது. புள்ளிவிவரப் புத்தகத்தில் இவர்களின் பெயர் பக்கம் பக்கமாக இருக்கிறது.

புத்தகத்தில் பெயர் பதியாதவர்களின் கதைதான் வேறு. நாஸ்காரின் பழைய பதிவேடுகளில் ஓட்டுநர் பெயர் இருக்கும், உரிமையாளர் பெயர் இருக்கும், காரின் கம்பெனிப் பெயர் இருக்கும். வெல்டிங் அடித்தவன், கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியவன் பெயருக்குப் பல நேரங்களில் கட்டமே கிடையாது. வோக்ட் அட்லாண்டாவின் ஸ்பிரிங் தெருவில் இரவு பகலாகத் திறந்திருந்த ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். மலையிலிருந்து நகரத்துக்குச் சாராயம் கடத்தும் பையன்களின் ஃபோர்டு கார்களுக்கு அங்கேதான் வேகம் ஏற்றினார்கள். அந்தப் பையன்களைத் துரத்துகிற அதிகாரிகளின் கார்களும் அதே ஷாப்புக்கு வரும். துரத்துகிறவனுக்கும் ஓடுகிறவனுக்கும் ஒரே மெக்கானிக்! நாஸ்காரின் பூர்வகதை என்று எல்லோரும் ரசித்துச் சொல்கிற சாராயக் கடத்தல் கதை பெருமளவு அந்த ஷாப்பில் நடந்ததுதான். அந்தக் கதையை மண்டபமே காட்சிக்கு வைத்திருக்கிறது. கதாநாயகனை மட்டும் காணோம்.

அடுத்தவர் ஸ்மோக்கி யூனிக். இவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். போரில் பி-17 குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். டேடோனா பீச்சில் ஒரு ஒர்க்‌ஷாப் திறந்து, ஊரிலேயே பெரிய கில்லாடி கராஜ் இதுதான் என்று பலகையில் தானே எழுதி மாட்டிக்கொண்டார். ஹெர்ப் தாமஸ் 1951இலும் 1953இலும் சாம்பியன் ஆனது இவர் தயார் செய்த ஹட்சன் ஹார்னெட்டில். நாஸ்காரின் பெரிய பந்தயமான டேடோனா 500ஐ 1961இல் மார்வின் பாஞ்ச் வென்றதும், 1962இல் அதே பந்தயத்தை ஃபயர்பால் ராபர்ட்ஸ் வென்றதும் இவருடைய பான்டியாக் கார்களில்தான். 1960இல் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தை வென்ற காருக்குப் பின்னாலும் இவர் இருந்தார். 1967 டேடோனாவில் நடந்தது இன்னும் பெரிய வேடிக்கை. பந்தயத்திலேயே இல்லை என்று வெளியில் சொல்லிக்கொண்டிருந்த செவ்ரோலே கம்பெனியின் கார் ஒன்றை இவர் எடுத்து வந்தார். கர்ட்டிஸ் டர்னர் தகுதிச் சுற்றில் அதை மணிக்கு 180.831 மைல் வேகத்தில் ஓட்டி முதல் இடத்தில் நிறுத்தினார். அந்தத் தகுதிச் சுற்றில் 180 மைலை முதலில் தாண்டிய கார் அது. கோடி கோடியாகக் கொட்டிக்கொண்டிருந்த ஃபோர்டும் கிரைஸ்லரும் வாயடைத்து நின்றன.

அவரைப் பிரபலமாக்கியது விதிப் புத்தகத்தை அவர் படித்த விதம். பெட்ரோல் டேங்கின் அளவுக்கு விதி இருந்தது, டேங்கிலிருந்து என்ஜினுக்குப் போகும் குழாய்க்கு விதி இல்லை. சரி என்று இரண்டு அங்குலம் தடிமனில், பதினோரு அடி நீளத்துக்கு ஒரு குழாயை வளைத்து வளைத்துப் போட்டார். குழாய்க்குள்ளேயே கூடுதலாகப் பெட்ரோல் நின்றது. சோதனையாளர்கள் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் விதிமீறல் என்று எதைக் காட்டுவது? 1968இல் டேடோனாவில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை இன்னும் பிரபலம். சோதனையாளர்கள் டேங்கைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு ஒன்பது குறைகளைப் பட்டியலிட்டார்களாம். யூனிக் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பத்து என்று போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி, டேங்க் இல்லாத காரை ஸ்டார்ட் செய்து ஓட்டிக்கொண்டே தன் ஷாப்புக்குப் போய்விட்டாராம். இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு மசாலா என்பது வேறு விஷயம். அப்படி நடந்திருக்கும் என்று எல்லோரும் நம்பும்படி வாழ்ந்த ஆள் அவர்.

அவரைச் சேர்க்காததற்குச் சொல்லப்படும் காரணம் ஏமாற்று வேலை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 1983 அக்டோபரில் ஷார்லட்டில் ரிச்சர்ட் பெட்டி வென்றது அவருடைய 198ஆவது வெற்றி. பந்தயம் முடிந்து சோதித்தால், 358 கன அங்குலம் இருக்க வேண்டிய என்ஜின் ஏறக்குறைய 382 கன அங்குலம் இருந்தது. டயர்களும் விதிப்படி இல்லை. அபராதம் 35,000 டாலர். வெற்றியை மட்டும் திரும்ப எடுக்கவில்லை. அந்த என்ஜினைச் செய்த தம்பி மாரிஸ் பெட்டி 2014இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார். சரி, அது பழைய காலம் என்று வைத்துக்கொள்வோம். 2006 டேடோனா 500இல், பின்பக்கக் கண்ணாடியில் செய்த கைவரிசைக்காகத் தலைமை மெக்கானிக் சாட் நாஸை நாஸ்காரே மைதானத்திலிருந்து அனுப்பிவிட்டது. ஜிம்மி ஜான்சனோடு ஏழு பட்டம் வாங்கிய அவர் 2024இல் உள்ளே வந்தார், பட்டியலில் பெயர் வந்த முதல் ஆண்டிலேயே. நாஸ் தகுதியானவர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே அளவுகோலை யூனிக்குக்கும் வையுங்கள் என்பதுதான் கேள்வி.

அப்படியானால் பில் ஃபிரான்ஸோடு போட்ட சண்டைதான் காரணமா? அப்படித்தான் பல ரசிகர்கள் நம்புகிறார்கள். இருவருக்கும் ஆகாது என்பதும், 1970 வாக்கில் யூனிக் நாஸ்காரை விட்டே வெளியேறினார் என்பதும் உண்மை. ஆனால் ஃபிரான்ஸை இன்னும் கடுமையாக எதிர்த்தவர்கள் உள்ளே இருக்கிறார்கள். ஓட்டுநர்களுக்குச் சங்கம் அமைக்கப் பார்த்ததற்காக 1961இல் கர்ட்டிஸ் டர்னரையும் டிம் ஃப்ளாக்கையும் ஆயுள் முழுக்கத் தடை செய்தார் ஃபிரான்ஸ். நான்கு ஆண்டு கழித்துத் தடை விலகியது. ஃப்ளாக் 2014இலும் டர்னர் 2016இலும் மண்டபத்துக்குள் வந்துவிட்டார்கள். பழைய பகை ஒன்றே தடையாக இருந்தால் இவர்களுக்கும் கதவு திறந்திருக்காது. என் கணிப்பில், பகையைவிட இரண்டு சாதாரண விஷயங்கள்தான் பெரிய தடை. ஓட்டுநருக்கு எழுதி வைத்த வெற்றிக் கணக்கு மெக்கானிக்குக்கு இல்லை. அப்புறம், யூனிக் வேலை செய்ததை நேரில் பார்த்தவர்கள் வாக்களிக்கும் குழுவில் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகிறார்கள்.

யூனிக் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அவருடைய ஓட்டுநராக இருந்த ஃபயர்பால் ராபர்ட்ஸ் 1964இல் ஷார்லட் தடத்தில் தீயில் சிக்கி, சில வாரங்கள் கழித்து இறந்துபோனார். பலகைகளுக்கு நடுவே பழைய டயர்களை அடுக்கி, மோதினால் அமுங்கிக்கொடுக்கிற சுவர் கட்டலாம் என்று அறுபதுகளிலேயே சொல்லிக்கொண்டிருந்தவர் யூனிக். யாரும் கேட்கவில்லை. 2001 பிப்ரவரியில் டேல் ஏர்ன்ஹார்ட் டேடோனாவில் சுவரில் மோதி இறந்தார். மூன்று மாதத்தில் யூனிக்கும் புற்றுநோயால் போய்ச் சேர்ந்தார். அதிர்ச்சியைத் தாங்கும் எஃகுச் சுவர்கள் 2002இலிருந்துதான் தடங்களுக்கு வரத் தொடங்கின.

பான்ஜோ மேத்யூஸ் கதையில் எண்களே இருக்கின்றன, அப்படியும் கதவு திறக்கவில்லை. வட கரோலினாவின் ஆர்டனில் இருந்த அவருடைய ஷாப்பில் கார்களின் சட்டகத்தைச் செய்து அணிகளுக்கு விற்றார்கள். 1974 முதல் 1985 வரை நடந்த 362 முதல்தரப் பந்தயங்களில் 262ஐ வென்றவை அவர் கட்டிய கார்கள். 1978இல் நடந்த 30 பந்தயங்களிலும் அவர் காரே ஜெயித்தது. அந்த ஆண்டுகளில் ஜெயித்த ஓட்டுநர்களில் பலர் இன்று மண்டபத்தில் இருக்கிறார்கள். விருந்தைச் சமைத்தவனை அடுக்களையிலேயே விட்டுவிட்டு, பரிமாறியவர்களுக்கு மட்டும் சபையில் மாலை போட்ட கதைதான் இது. முன்னோடிகள் பட்டியலில் அவர் பெயர் பல முறை வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் அந்த ஒற்றை இடம் வேறொருவருக்குப் போய்விடுகிறது.

ஹோல்மன்–மூடி நிறுவனத்தின் நிலை வேறு மாதிரி. ஃபோர்டு கார்களைப் பந்தயத்துக்குத் தயார் செய்த இந்த ஷார்லட் நிறுவனத்தின் காரில்தான் மரியோ ஆண்ட்ரெட்டி 1967 டேடோனா 500ஐ வென்றார். பியர்சனின் 1968, 1969 பட்டங்களும் இவர்களுடையவை. 2025இல் ரால்ஃப் மூடி உள்ளே வந்தார். பெயரில் முதல் பாதியான ஜான் ஹோல்மன் இன்னும் வெளியே. அந்த இரண்டு பட்டங்களின்போது பியர்சனுக்குத் தலைமை மெக்கானிக்காக இருந்த ஜேக் எல்டரும் வெளியேதான். ஓரிடத்தில் நிலையாக நிற்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அணி மாறிக்கொண்டே இருந்ததால் அவருக்கு 'சூட்கேஸ்' என்றே பெயர். யார் கணக்கில் எழுதுவது என்ற குழப்பம் அதனாலேயே வந்திருக்கலாம்.

ஹாரி ஹைடு 1970இல் பாபி ஐசக்கை சாம்பியன் ஆக்கியவர். ரிக் ஹென்ட்ரிக் 1984இல் அணி தொடங்கியபோது முதல் க்ரூ சீஃப், அதாவது தலைமை மெக்கானிக், அவர்தான், அணியின் முதல் வெற்றியும் அவர் கையில் வந்தது. 1986இல் அவரிடம் வந்து சேர்ந்தவர் டிம் ரிச்மண்ட். இருவருக்கும் முதலில் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போன பிறகு அந்த ஒரே ஆண்டில் ஏழு வெற்றி.

ரிச்மண்டைப் பற்றி நான் இரண்டு மனதாகத்தான் இருக்கிறேன். மொத்தம் 13 வெற்றி, பட்டம் இல்லை. அளவில் குறைவுதான். ஐந்து வெற்றிகள் மட்டும் எடுத்த ஆலன் குல்விக்கி உள்ளே இருக்கிறாரே என்று சிலர் கேட்பார்கள். ஆனால் குல்விக்கி தானே உரிமையாளராகவும் ஓட்டுநராகவும் இருந்து, 1992 பட்டத்தைப் பத்தே புள்ளி வித்தியாசத்தில் வாங்கியவர். அந்த ஒப்பீடு நிற்காது. ரிச்மண்டுக்கான நியாயம் வேறு இடத்தில் இருக்கிறது. எய்ட்ஸ் நோயாளியாக 1987இல் திரும்பி வந்து போகோனோவிலும் ரிவர்சைடிலும் அடுத்தடுத்து ஜெயித்தார். 1988இல் போதை மருந்துச் சோதனையில் அவர் சிக்கிவிட்டார் என்று நாஸ்கார் அறிவித்தது. பிறகு பார்த்தால் உடம்பில் இருந்தவை கடையில் கிடைக்கும் சளி மருந்தும் வலி மாத்திரையும். அப்படியும் மருத்துவக் குறிப்புகளைக் கொடு என்று வற்புறுத்தினார்கள், அவர் மறுத்தார், வழக்கு போட்டார், வெளியே பேசி முடித்தார்கள். மறுபடி அவர் பந்தயம் ஓட்டவே இல்லை. 1989 ஆகஸ்டில், 34 வயதில் இறந்துபோனார். வெற்றிக் கணக்கில் அவர் எல்லைக்கோட்டில்தான் நிற்கிறார். ஆனால் அவர் கணக்கை முடித்து வைத்ததில் அமைப்புக்கும் பங்கு உண்டு. என் வாக்கு ஹைடுக்கு முதலில், ரிச்மண்டுக்கு அதற்குப் பிறகு.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதை மண்டபமே ஒரு முறை ஒப்புக்கொண்டிருக்கிறது. வெண்டல் ஸ்காட் 495 பந்தயங்கள் ஓடி வென்றது ஒன்றே ஒன்று, 1963 டிசம்பரில் ஜாக்சன்வில்லில். கறுப்பினத்தவர் ஒருவர் முதல்தரப் பந்தயத்தை வென்ற முதல் முறை அது. கொடியைக் காட்டி பக் பேக்கர்தான் வெற்றியாளர் என்று அறிவித்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு, கணக்கில் பிழை, ஜெயித்தவர் ஸ்காட்தான் என்றார்கள். கோப்பை அவர் கைக்கு வரவே இல்லை. 2015இல் அவரைச் சேர்த்தார்கள். நாஸ்கார் அவர் குடும்பத்திடம் முறையான கோப்பையைக் கொடுத்தபோது ஆண்டு 2021, ஸ்காட் இறந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரைச் சேர்த்தது சரியான முடிவு என்றால், அதே தர்க்கம் ஜேனட் கத்ரியிடமும் போக வேண்டும். 1976இல் ஷார்லட்டில் வேர்ல்ட் 600 பந்தயத்தில் ஓடினார். 1977இல் டேடோனா 500இல் ஓடிய முதல் பெண். அதில் 12ஆவது இடம், புதுமுகங்களில் அவரே முதல். அதே ஆண்டு பிரிஸ்டலில் ஆறாவது இடம். மண்டபம் அவருக்கு 2024இல் 'லேண்ட்மார்க்' என்ற சிறப்பு விருது கொடுத்தது. மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விருது வாங்கியவர் ஹால் ஆஃப் ஃபேம் உறுப்பினர் ஆகிவிடுவதில்லை. 2010 முதல் 2026 வரையான தேர்வுகளில் உறுப்பினரான 70 பேரில் ஒரு பெண்கூடக் கிடையாது.

சிக்கல் இடப் பற்றாக்குறையில் இருக்கிறது. 60 ஆண்டு என்ற எல்லைக்கோடு ஆண்டுதோறும் நகர்கிறது, அதனால் முன்னோடிகள் பட்டியலுக்குப் புதுப்புது ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள். இடம் மட்டும் ஒன்று. மிசூரியில் உள்ளூர்த் தடங்களில் ஓடியே ஐந்து முறை தேசியப் பட்டம் வாங்கிய லாரி பிலிப்ஸ் போன்றவர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். இந்த வேகத்தில் போனால் இப்போது நிற்பவர்களை முடிக்கவே பத்து இருபது ஆண்டுகள் ஆகும்.

வழி ஒன்றும் இல்லாமல் இல்லை. 2021க்குத் தேர்வானவர்களின் விழா கொரோனாவால் 2022 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. அடுத்த தேர்வு நேராக 2023 என்று போட்டுவிட்டார்கள். 2022க்கான தேர்வு நடக்கவே இல்லை, அதன் மூன்று இடங்களையும் யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த மூன்றையும் ஏதாவது ஓர் ஆண்டில் முன்னோடிகளுக்கென்றே ஒதுக்கலாம். வோக்ட், யூனிக், மேத்யூஸ் மூவருக்கும் அது போதும்.